பர்மாவில் நகரத்தார் கடன்கள்

பர்மாவில் நகரத்தார் கடன்கள் என்பது, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1942 வரை நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மாவின் (இன்றைய மியான்மார்) உழவர்களுக்கும் வணிகர்களுக்கும் கொடுத்து, பெரும்பகுதி திரும்பி வராமற்போன கடன்களைக் குறிக்கும். கடன் கொடுத்த முதலாளி குன்றக்குடி, காரைக்குடி, தேவகோட்டை சூழ்ந்த செட்டிநாட்டில் வாழ்ந்தார். கடன் வாங்கியவர் ஐராவதி ஆற்றின் கழிமுகத்தில் நெல் பயிரிட்டார். இருவருக்கும் இடையே வங்காள விரிகுடா இருந்தது; ஆயினும் 1937 மார்ச் 31 வரை நாட்டெல்லை இருக்கவில்லை. பர்மா அதுவரை பிரித்தானிய இந்தியாவின் ஒரு மாகாணமாகவே இருந்தது. கடலைத் தாண்டி வசூலாகி வந்த பணம் எல்லையைத் தாண்டி வசூலாகவில்லை என்பதே இக்கடன்களின் வரலாறு. வேறு நாட்டில் வாழ்பவரிடமிருந்து கடனை மீட்பதில் உள்ள சட்டச் சிக்கல்களை விளங்கிக்கொள்ள, தமிழர் வரலாற்றில் இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு இல்லை எனலாம்.

பின்னணி

1852ஆம் ஆண்டு இரண்டாம் ஆங்கிலேய-பர்மியப் போரின் முடிவில் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமானது. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின் பர்மா அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை எளிதாகக் கிட்டியது. கழிமுகத்துக் காடுகளையும் சதுப்பு நிலங்களையும் திருத்தி வயலாக்க உழவருக்குப் பணம் தேவைப்பட்டது. ஐரோப்பிய வங்கிகள் சிற்றூர் உழவருக்குக் கடன் கொடுக்க முன்வரவில்லை. அந்த இடைவெளியை நிரப்பியவர்கள் நகரத்தார்.

இவர்கள் வெளிநாடு சென்று தொழில் செய்வதைக் 'கொண்டுவிக்கப் போதல்' என்பர். குன்றக்குடி முருகன் கோயிலிலிருந்து தைப்பூசத்துக்குக் காவடியுடன் பழனிக்கு நடந்து செல்லும் வழக்கமுடைய இச்சமூகத்தார், தாம் சென்று தொழில் செய்த ஊர்களிலெல்லாம் தண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பினர். அக்கோயில்கள் வழிபாட்டிடங்களாக மட்டும் இருக்கவில்லை. ரங்கூனில் (இன்றைய யங்கோன்) முகல் தெருவில் நகரத்தார் மாதந்தோறும் கூடி, தமக்குள் கொடுக்கல் வாங்கலுக்கான 'நடப்பு வட்டி'யை முடிவு செய்தனர். வணிக இலாபத்தில் ஒரு பங்கு 'மகமை' என்ற பெயரில் கோயிலுக்கும் அறப்பணிகளுக்கும் சென்றது.

1929-30இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு நடத்திய ஆய்வின்படி, அம்மாகாணத்தில் ஏறத்தாழ 1,650 நகரத்தார் நிறுவனங்கள் இயங்கின. அவை தொழிலில் ஈடுபடுத்தியிருந்த தொகை சுமார் 75 கோடி ரூபாய் என அக்குழு மதிப்பிட்டது. இதில் பெரும்பகுதி அவர்களது சொந்த முதல். எஞ்சியது வைப்புத்தொகையும் வங்கிகளிடம் வாங்கிய கடனும் ஆகும்.

கடன் கொடுத்த முறை

முதலாளி பெரும்பாலும் செட்டிநாட்டிலேயே இருப்பார். கடையை நடத்துபவர் சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட ஏஜெண்டு ஆவார். இவர் வழக்கமாக மூன்றாண்டு ஒப்பந்தத்தில் அனுப்பப்படுவார். முதலாளியின் பெயரில் கடன் கொடுக்கவும், வழக்குத் தொடுக்கவும், சொத்து வாங்கவும் விற்கவும் இவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதித் தரப்படும். இவருக்குத் துணையாக அடுத்தாளும் பெட்டியடிப் பையனும் இருப்பர். பேரேட்டுக் கணக்கும், சொத்து-பொறுப்புகளைக் காட்டும் ஐந்தொகையும் ஊருக்கு அனுப்பப்படும். ஒப்பந்தம் முடிந்ததும் ஏஜெண்டு ஊர் திரும்புவார். புதியவர் பழைய கணக்குகளை ஏற்றுக்கொள்வார்.

கடனுக்குப் பிணையாகப் புரோநோட்டு, நகை, நிலம் ஆகியவை பெறப்பட்டன. நிலத்தைப் பொறுத்தவரை, உரிமைப் பத்திரங்களை ஒப்படைத்து ஏற்படுத்தும் அடைமானம் மிக எளிதாக இருந்தது. இதற்குத் தனியாக அடைமானப் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் இது எல்லா ஊர்களிலும் செல்லாது. 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றச் சட்டம் இதற்கெனக் குறிப்பிட்ட நகரங்களில் கல்கத்தா, சென்னை, பம்பாய், கராச்சி ஆகியவற்றுடன் ரங்கூன், மௌல்மீன், பசீன், அக்யாப் என நான்கு பர்மியத் துறைமுகங்களும் இருந்தன. சென்னையில் செல்லும் ஆவணம் மௌல்மீனிலும் அதே சட்டத்தின்கீழ் செல்லும். இந்தச் சட்ட ஒருமையே நகரத்தார் பர்மாவில் இவ்வளவு பெரிய தொகையைத் துணிந்து இறக்கியதற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று.

நிலத்தைக் கைப்பற்றுவது இத்தொழிலின் நோக்கமாக இருக்கவில்லை. கடன் கொடுப்பவருக்கு வட்டி ஒழுங்காக வருவதே ஆதாயம். நிலம் கைக்கு வந்தால் பணம் அதில் முடங்கிவிடும். அதை ஊருக்கு அனுப்பவும் முடியாது, மறுபடி வட்டிக்கு விடவும் முடியாது. ஆகவே நெல்விலை நன்றாக இருந்தவரை, தவணை தவறியவருக்கும் காலநீட்டிப்புக் கொடுப்பதே வழக்கமாக இருந்தது.

பெருமந்தமும் நிலம் கைமாறியதும்

1929இல் தொடங்கிய உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தில் நெல்விலை பாதிக்கும் கீழே சரிந்தது. விலை விழும்போது கடன் தொகை மாறாமல் இருந்தாலும் கடன் சுமை மாறிவிடுகிறது. ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம் (எண்கள் விளக்கத்துக்காக மட்டுமே). நூறு கூடை நெல் 160 ரூபாய்க்கு விற்கும்போது 800 ரூபாய் கடன் வாங்கியவர், 500 கூடை நெல்லை விற்று அசலைத் திருப்பிவிடலாம். விலை 80 ரூபாயானால் அதே அசலுக்கு 1,000 கூடை வேண்டும். வயல் பெருகவில்லை, விளைச்சல் பெருகவில்லை; கடன் மட்டும் நெற்கணக்கில் இரட்டிப்பாகிவிட்டது. வட்டியை இதில் சேர்க்கவில்லை.

உழவர் கடனைக் கட்ட முடியாமல் தவித்தனர். 1930 டிசம்பரில் தராவதி மாவட்டத்தில் சாயா சான் தலைமையில் உழவர் கிளர்ச்சி வெடித்தது. வரிச்சுமையும் கடன்சுமையும் அதன் காரணங்களுள் முக்கியமானவை. கிளர்ச்சி அடக்கப்பட்டு 1931 நவம்பரில் சாயா சான் தூக்கிலிடப்பட்டார். கடன் அப்படியே நின்றது.

பணமாக வராத கடன் நிலமாக வந்தது. முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் நகரத்தார் வசமிருந்த நிலம், 1930இல் ஏறத்தாழ 5 இலட்சத்து 70 ஆயிரம் ஏக்கர், அதாவது மொத்த நிலத்தில் 6 விழுக்காடு. 1938இல் அது ஏறத்தாழ 24 இலட்சத்து 68 ஆயிரம் ஏக்கர், அதாவது 25 விழுக்காடு ஆனது. எட்டே ஆண்டுகளில் நான்கு மடங்குக்கும் மேல். பிற இனத்தவரையும் சேர்த்துக் கணக்கிட்டால், அம்மாவட்டங்களின் நிலத்தில் ஏறக்குறையப் பாதி உழவர் அல்லாதார் கைக்குப் போயிருந்தது. தாம் திருத்திய நிலத்திலேயே பல உழவர்கள் குத்தகையாளராயினர்.

இம்மாற்றம் பற்றி இரண்டு வகையான கூற்றுகள் உண்டு. பர்மியத் தேசியவாதிகள் இதைத் திட்டமிட்ட நிலப்பறிப்பாகக் கண்டனர். வேண்டாத நிலத்தை வேறு வழியின்றி ஏற்றுக்கொண்டோம் என்பது நகரத்தார் வாதம். கடன் தொழிலின் கணக்கை வைத்துப் பார்த்தால் நகரத்தார் வாதத்தில் உண்மை உண்டு. விலை விழுந்த நிலத்தை அவர்கள் விரும்பி வாங்கியதாகக் கொள்ள முடியாது. ஆனால் நிலத்தை இழந்த உழவருக்கு, எடுத்துக்கொண்டவர் விரும்பி எடுத்தாரா விரும்பாமல் எடுத்தாரா என்பதால் எந்த வேறுபாடும் இல்லை. பின்னர் வந்த சட்டங்கள் அனைத்தும் இந்த இரண்டாவது உண்மையின் மேல் எழுந்தவை.

பர்மாப் பிரிவினை

1935ஆம் ஆண்டின் பர்மா அரசுச் சட்டப்படி 1937 ஏப்ரல் 1 அன்று பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. அதுவரை ஒரே நாட்டின் நீதிமன்றங்களாக இருந்த சென்னையும் ரங்கூனும் இரு வேறு ஆட்சிப்பகுதிகளின் நீதிமன்றங்களாயின. பர்மாவின் சட்டமன்றம் இனிப் பர்மிய வாக்காளருக்கே பொறுப்பானது. அவர்களில் பெரும்பாலோர் கடனாளிகள் அல்லது கடனாளிகளின் உறவினர். 1939க்கும் 1941க்கும் இடையே குத்தகைதாரர் பாதுகாப்பு, உழவர் நிலம் பிறருக்குக் கைமாறுவதைத் தடுத்தல், அரசே நிலங்களை வாங்கி உழவருக்குக் கொடுத்தல் ஆகியவற்றுக்குச் சட்டங்கள் இயற்றப்பட்டன.

கடன் நிவாரணம் பர்மாவுக்கு மட்டும் உரிய கொள்கையன்று என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். சென்னை மாகாணத்தில் இராஜாஜி தலைமையிலான அரசு 1938இல் வேளாண் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்து, உழவர்களின் பழைய கடன்களைக் குறைத்தது. சொந்த மாகாணத்தில் வாக்குரிமையும் செல்வாக்கும் உடைய கடன்காரர், அங்குத் தம் தரப்பைச் சொல்ல முடிந்தது. ரங்கூனில் அவர் அயலார்.

பிரிவினையைச் சில நிறுவனங்கள் முன்கூட்டியே கணித்தன. மு. சித. மு. சிதம்பரம் செட்டியார் நிறுவிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் தொழில் தொடங்கியது. மௌல்மீனில் 1900இல் தொழில் தொடங்கிய முருகப்பா குடும்பத்தினர் போருக்கு முன்பே தம் முதலை இந்தியாவுக்குத் திருப்பத் தொடங்கினர். ஆனால் பெரும்பாலான சிறு கடைகளின் முதல் வயல்களில் சிக்கியிருந்தது. ஐந்தொகையில் அந்நிலம் கடன் தொகைக்கு ஈடான மதிப்பில் எழுதப்பட்டிருக்கும். அந்த விலைக்கு அதை வாங்க ஆள் இருக்காது.

போர்

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய வானூர்திகள் ரங்கூன் மீது குண்டு வீசின. 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் பர்மாவை விட்டு வெளியேறினர். பெரும்பாலோர் அரக்கான், மணிப்பூர், அசாம் வழியாக நடந்தே வந்தனர்; பல்லாயிரவர் வழியில் மாண்டனர். ஏஜெண்டுகள் ஊர் திரும்பிய அன்றே வசூல் நின்றது. வசூல் செய்ய ஆளில்லை என்பதோடு, கடனாளியும் கடன்காரரும் போரிடும் இரு தரப்பின் ஆட்சியில் இருந்தனர்.

ஜப்பானிய ஆட்சிக்காலத்தில் புழங்கிய நோட்டுகள் மற்றொரு சிக்கலை உண்டாக்கின. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் மதிப்பிழந்துகொண்டிருந்த 'வாழைமர' நோட்டுகளைக் கொண்டு போருக்கு முந்தைய கடன்களைத் தீர்த்தவர் பலர். அக்கடன் தீர்ந்ததா இல்லையா என்ற கேள்விக்கு விடையாக, 1948இல் அங்கு ஆக்கிரமிப்புக் காலக் கடனாளி-கடன்காரர் சட்டம் இயற்றப்பட்டது. பணவீக்கம் முற்றிய பிற்காலத்தில் கட்டிய தொகைகளை, நோட்டின் அன்றைய மதிப்புக்கேற்பக் குறைத்துக் கணக்கிட அது வழிசெய்தது.

நிலத் தேசியமயம்

1945இல் ஆங்கிலேயர் ஆட்சி திரும்பியதும் நகரத்தார் சிலர் பர்மாவுக்குச் சென்று குத்தகை கேட்டனர். மூன்றாண்டுகளாக யாருக்கும் குத்தகை கொடுக்காமல் பயிரிட்ட உழவர் அதைக் கொடுக்க மறுத்தனர். 1947இல் இயற்றப்பட்ட சட்டம், நிலவரியைப்போல் இரு மடங்குக்கு மேல் குத்தகை வாங்கக்கூடாது என்றது. அதே ஆண்டில் வேளாண் கடன் நிவாரணச் சட்டமும் வந்தது. 1947ஆம் ஆண்டின் பர்மிய அரசியலமைப்பு, எல்லா நிலத்துக்கும் இறுதி உரிமையாளர் அரசே என அறிவித்தது.

1948 ஜனவரி 4 அன்று பர்மா விடுதலை பெற்றது. அவ்வாண்டே ஊ நூவின் அரசு நிலத் தேசியமயச் சட்டத்தை நிறைவேற்றி, ரங்கூனுக்கு அருகிலுள்ள சிரியம் வட்டாரத்தில் வெள்ளோட்டம் பார்த்தது. உள்நாட்டுப் போரால் பணி தடைப்பட்டதால், 1953இல் புதிய சட்டம் இயற்றப்பட்டுப் பல பகுதிகளில் நடைமுறைக்கு வந்தது. தாமே பயிரிடும் உழவர் குறிப்பிட்ட அளவு நிலத்தை வைத்துக்கொள்ளலாம். பயிரிடாத உரிமையாளரின் நிலம் அரசுக்குரியதாகும். நகரத்தார் இரண்டாம் வகையினர். சட்டத்தில் இழப்பீட்டுக்கு வழி இருந்தது. ஆனால் நில உரிமையாளருள் பெரும்பாலோர் கைக்கு அது வந்து சேரவில்லை.

நகரத்தார் இந்திய அரசிடம் முறையிட்டனர். நேரு அரசு பர்மிய அரசிடம் நியாயமான இழப்பீடு கோரியதே அன்றி, நிலச் சீர்திருத்தத்தை எதிர்க்கவில்லை. இந்தியாவிலேயே ஜமீன்தாரி முறை ஒழிக்கப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில் அண்டை நாட்டின் அதே கொள்கையை எதிர்ப்பது இயலாததாகவும் இருந்தது.

இவ்விடத்தில் மற்றொரு கடனோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுடையது. 1937 பிரிவினையின்போது, பழைய இந்திய அரசின் கடன்களில் பர்மா ஏற்க வேண்டிய பங்காக ஒரு தொகை பர்மிய அரசின் கணக்கில் எழுதப்பட்டது. அதுவும் நெடுநாள் நிலுவையில் இருந்தது. 1954இல் பர்மாவிடமிருந்து அரிசி வாங்கும் உடன்பாட்டோடு சேர்த்து, இந்தியா அத்தொகையைப் பெரிதும் குறைத்துத் தீர்த்துக்கொண்டது. அரசுக்கு அரசு பேசி விட்டுக்கொடுக்கவும் ஈடாக அரிசி பெறவும் ஒரு மேசை இருந்தது. தேவகோட்டைக் கடைக்காரருக்கு அப்படி ஒரு மேசை இருக்கவில்லை.

1962இல் தளபதி நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1963 பிப்ரவரியில் வங்கிகளும் 1964 மார்ச்சில் கடைகளும் தேசியமயமாயின. 1964 மேயில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதவையாக்கப்பட்டன. இதையடுத்து இலட்சக்கணக்கான இந்தியர் தாயகம் திரும்பினர். சென்னையின் பர்மா பஜார் அவர்களுக்காக ஏற்பட்டதே. எஞ்சியிருந்த நகரத்தார் கடைகளும் இத்துடன் மூடப்பட்டன. கோயில்கள் மட்டும் இன்றும் உள்ளன.

பிற நாடுகள்

நகரத்தார் கடன் கொடுத்த மற்ற நாடுகளில் நிலைமை இவ்வளவு மோசமாகவில்லை. மலாயாவில் 1913இல் தொடங்கி 1933இல் இறுக்கப்பட்ட மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம், ஒதுக்கப்பட்ட நிலத்தை மலாய்க்காரர் அல்லாதாருக்குப் பிணையாகக் கொடுப்பதைத் தடுத்தது. கடன் கொடுக்குமுன்னரே எந்த நிலம் பிணையாகாது என்பது இதனால் தெரிந்துவிட்டது. பர்மாவில் கடன் கொடுத்தபின் சட்டம் மாறியது. இலங்கையில் 1941இல் கடன் இணக்கச் சட்டம் வந்தது.

சட்ட நிலை

அயல்நாட்டு நீதிமன்றம் என்றால் கடல் கடந்தது என்று கொள்ள வேண்டியதில்லை. 1948இல் இந்தியாவுடன் இணையும்வரை, செட்டிநாட்டை ஒட்டியிருந்த புதுக்கோட்டை சமஸ்தானத்தின் நீதிமன்றங்களும் பிரித்தானிய இந்தியச் சட்டப்படி அயல் நீதிமன்றங்களே. நகரத்தார் ஊர்கள் சில அச்சமஸ்தானத்துக்குள் இருந்தன.

இத்துறையின் அடிப்படைத் தீர்ப்பும் ஒரு சமஸ்தானத்தைப் பற்றியதே. பஞ்சாபைச் சேர்ந்த ஃபரித்கோட்டு அரசர், தம்மிடம் பொருளாளராக இருந்து பணி விட்டுச் சென்றவர்மீது தம் சமஸ்தான நீதிமன்றத்தில் பணம் கேட்டு வழக்குத் தொடுத்தார். பிரதிவாதி வேறு சமஸ்தானத்தில் வாழ்ந்தார், வழக்கில் முன்னிலையாகவில்லை. ஒருதலையாகக் கிடைத்த தீர்ப்பைப் பிரித்தானிய இந்திய நீதிமன்றத்தில் அரசர் செயல்படுத்த முயன்றார். தன் ஆட்சிப்பகுதியில் வாழாத, தன் அதிகாரத்துக்கு உட்படாத ஒருவர்மீது வழங்கப்பட்ட பணத் தீர்ப்பு வெளியே செல்லாது என 1894இல் இலண்டன் பிரிவி கவுன்சில் முடிவு செய்தது. கடனாளி இருக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுப்பதே பாதுகாப்பு என்ற பாடம் இதிலிருந்து கிடைக்கிறது. நகரத்தார் ஏஜெண்டுக்கு வழக்கு நடத்தும் அதிகாரம் எழுதிக்கொடுத்து அனுப்பியது இவ்வகையில் சரியான ஏற்பாடாகும்.

இன்றைய இந்தியச் சட்டத்தில் இதற்குரிய விதிகள் 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் உள்ளன. 13ஆம் பிரிவின்படி அயல்நாட்டுத் தீர்ப்பு பொதுவாக இறுதியானது. அதிகாரமற்ற நீதிமன்றம் தந்தது, வழக்கின் தகுதியை ஆராயாமல் தந்தது, மோசடியாகப் பெற்றது, இயற்கை நீதிக்கு முரணானது போன்றவை விலக்காகும். 1937இல் சேர்க்கப்பட்ட 44அ பிரிவு, இந்திய அரசு அறிவித்துள்ள 'எதிரீட்டு நாடுகளின்' மேல்நிலை நீதிமன்றத் தீர்ப்பை, இங்குள்ள மாவட்ட நீதிமன்றத்தில் அதன் சொந்தத் தீர்ப்பைப் போலவே நிறைவேற்ற வழிசெய்கிறது. பிரித்தானியா, சிங்கப்பூர், மலேசியா ஆகியவை இப்பட்டியலில் உள்ளன. 2020 ஜனவரியில் ஐக்கிய அரபு அமீரகமும் சேர்க்கப்பட்டது. அமெரிக்கா இதில் இல்லை. பட்டியலில் இல்லாத நாட்டின் தீர்ப்பைப் பெற்றவர், அதன் அடிப்படையில் இந்தியாவில் மூன்றாண்டுகளுக்குள் புதிய வழக்குத் தொடுக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. இந்தியத் தீர்ப்பை வெளிநாட்டில் நிறைவேற்றுவது அந்நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தது. எடுத்துக்காட்டாக, மலேசியாவின் 1958ஆம் ஆண்டுச் சட்டம் தன் பட்டியலில் இந்தியாவைச் சேர்த்துள்ளது.

கடன் கொடுத்தவருக்கு உதவும் விதி ஒன்றும் உண்டு. கடனாளி இந்தியாவுக்கு வெளியே இருந்த காலத்தை, வழக்குத் தொடுப்பதற்கான காலவரையறையிலிருந்து கழித்துவிட வேண்டும் என்று 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் (பிரிவு 15) கூறுகிறது. வெளிநாடு சென்று மூன்றாண்டுகள் கழித்துத் திரும்பியவர், கடன் காலாவதியாகிவிட்டது என்று சொல்லித் தப்ப முடியாது.

பர்மாக் கடன்களுக்கு இவற்றில் எதுவும் பயன்படவில்லை. மியான்மாரில் இன்றும் புழங்கும் உரிமையியல் நடைமுறைச் சட்டம் பழைய இந்தியச் சட்டத்தின் வழிவந்ததே. அயல்நாட்டுத் தீர்ப்புகள் பற்றிய 13ஆம் பிரிவு அதிலும் உண்டு. ஆனால் பிணையாக இருந்த நிலத்தை அந்நாட்டுச் சட்டமே அரசுடைமையாக்கிவிட்ட பின்னர், தனி ஒரு கடனாளிமீது பெறும் தீர்ப்பு எதன்மேலும் நிறைவேற இடமில்லை. நடுவர் தீர்ப்புகளை நாடுகளுக்கிடையே நிறைவேற்றுவதற்கான 1958ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கையில் மியான்மார் 2013இல் இணைந்து, 2016இல் அதற்கான சட்டமும் இயற்றியது. இன்று அந்நாட்டில் முதலீடு செய்பவர் நடுவர் மன்ற விதியை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம். நகரத்தார் பேரேடுகளில் உள்ள புரோநோட்டுகளில் அப்படி ஒரு விதி எழுதப்பட்டிருக்கவில்லை. ரங்கூன் நீதிமன்றம் தம்முடைய நீதிமன்றமாகவே இருக்கும் என்று கருதி எழுதப்பட்டவை அவை.